காரீயமும் நனோ வணிகமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் நிலத்தடியிற் கிடைக்கும் கனிப்பொருள் அந்நாட்டுக்கு எத்துணைச் செல்வத்தை ஈட்டித்தரும் என்பது அப்பொருளின் அளவை மட்டும் பொறுத்ததன்று. அதனைப் பயன்பொருளாக மாற்றும் அறிவு எவர் கையில் உள்ளது என்பதையும் அது பொறுத்ததாகும். இலங்கையின் காரீய வணிக வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாக விளங்குகின்றது. நனோ தொழினுட்பம் இக்கனியத்துக்குப் புதியதொரு சந்தையைத் திறந்துவிட்டுள்ள இக்காலத்தில் அவ்வரலாற்றை மீள நோக்குதல் பயனுடைத்தாம்.

பென்சிற்கரி எனவும் வழங்கப்படும் காரீயத்துக்கும் ஈயத்துக்கும் பெயரளவில் அன்றி வேறு தொடர்பில்லை. ஐரோப்பியரும் நெடுங்காலம் இதனை ஈயத்தின் ஒரு வகையென்றே கருதினர். இது காபனின் ஒரு வடிவமே என்பதை 1779 இல் சுவீடிய இரசாயனவியலாளர் சீலே நிறுவினார். ஏனைய நாடுகளிற் பெரும்பாலும் சிறு செதில்களாகப் பாறையிற் கலந்து கிடைக்கும் இக்கனியம், இலங்கையிற் பாறைப் பிளவுகளினூடே நரம்புபோல் திரண்டு ஓடுகின்றது. போகலை, கஹட்டகஹ ஆகிய சுரங்கங்களில் எடுக்கப்படுவதன் காபன் அளவு 95 வீதத்துக்கும் மேற்பட்டதாக அமைவது இதன் தனிச்சிறப்பாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலை நாடுகளிற் கைத்தொழில் பெருகியபோது, உலோகங்களை உருக்குதற்குக் கடும் வெப்பத்தைத் தாங்கவல்ல புடக்குகைகள் தேவைப்பட்டன. 1856 இல் இலண்டனின் பட்டர்சியில் மோர்கன் சகோதரர் தொடங்கிய தொழிற்சாலையும், அமெரிக்காவின் ஜேர்சி நகரிலிருந்த டிக்சன் தொழிற்சாலையும் இத்துறையிற் புகழ்பெற்றன. அவற்றுக்கு வேண்டிய காரீயம் இலங்கையிலிருந்தே பெருமளவிற் சென்றது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் ஆயுத உற்பத்தி பெருகவே, 1916 இல் ஏற்றுமதி முப்பதாயிரம் தொன்னைக் கடந்து உச்சநிலையை எய்தியது.

தேயிலைத் தோட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர் வசமிருக்க, காரீயச் சுரங்கங்களோ பெரும்பாலும் உள்நாட்டவர் வசமே இருந்தன என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பிற்காலத்தில் நாட்டின் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்கவின் தந்தையார் டொன் ஸ்பேட்டர் சேனநாயக்க இத்தொழிலாற் செல்வம் பெற்றவருள் ஒருவர். எனினும், மூலதனமும் உழைப்பும் உள்நாட்டினவாயிருந்தும் கைத்தொழில் இங்கு வேரூன்றவில்லை. சுரங்கத்தில் ஆடவர் அகழ்ந்ததைக் கொழும்பின் பண்டசாலைகளிற் பெண்கள் கையாற் பொறுக்கித் தரம் பிரித்தனர்; அது மரப்பீப்பாய்களில் அடைக்கப்பட்டுக் கப்பலேறியது. உள்நாட்டவர் பணி அவ்வளவோடு முடிந்தது. ஈட்டிய இலாபம் தென்னை, இறப்பர்த் தோட்டங்களுக்கும் நகரக் காணிகளுக்கும் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்கும் சென்றதேயன்றிப் புடக்குகைத் தொழிலுக்குச் செல்லவில்லை.

இதன் விளைவு போர் முடிந்ததும் வெளிப்பட்டது. ஆயுதத் தேவை மறைந்தது. மடகஸ்காரின் மலிவான காரீயம் சந்தையைப் பிடித்தது. உருக்குத் தொழிலில் மின்னுலை புடக்குகையின் இடத்தைப் பெற்றது. அமெரிக்கரான அச்சிசன் கண்டறிந்த செயற்கைக் காரீயமும் போட்டிக்கு வந்தது. இம்மாற்றங்கள் யாவும் பிற நாடுகளிலேயே நிகழ்ந்தன. மூலப்பொருளை மட்டும் விற்ற இலங்கையால் அவற்றுள் எதனையும் தடுக்கவோ தனக்கு வாய்ப்பாக்கிக் கொள்ளவோ இயலவில்லை. இரண்டாம் உலகப் போர்க்கால எழுச்சியும் நிலைக்கவில்லை. 1971 இல் நிகழ்ந்த அரசுடைமையாக்கம் உரிமையாளரை மாற்றிற்றேயன்றி வணிகத்தின் இயல்பை மாற்றவில்லை.

இந்நிலையில், 2004 இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கைம், நொவோசெலொவ் ஆகிய இருவரும் சாதாரண ஒட்டுநாடாவினாற் காரீயத்திலிருந்து ஒற்றை அணுப் படலத்தை உரித்தெடுத்தனர். கிராபீன் எனப்படும் இப்படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 0.34 நனோமீற்றர் ஆகும். ஒரு மில்லிமீற்றர்க் காரீயத்தில் இத்தகைய படலங்கள் சுமார் முப்பது இலட்சம் அடங்கும். உறுதியிலும் மின்னைக் கடத்துந் திறனிலும் வியப்புக்குரிய இப்பொருளுக்காக அவ்விருவரும் 2010 இல் நோபல் பரிசு பெற்றனர். 2013 இல் ஐரோப்பிய ஒன்றியம் பத்தாண்டுகளுக்கு நூறு கோடி யூரோ செலவிலான ஆய்வுத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. 2018 இல் போர்ட் நிறுவனம் தன் மோட்டார் வாகனப் பகுதிகளில் கிராபீனைச் சேர்க்கவிருப்பதாக அறிவித்தது. மின்கலம், இறப்பர், வர்ணப்பூச்சு, கொங்கிறீற்று எனப் பல துறைகளும் இதனை நாடுகின்றன.

ஆயினும், சந்தை விரிவை மட்டும் கண்டு மகிழ்தல் தகாது. அறுபது நிறுவனங்களின் கிராபீன் மாதிரிகளைச் சோதித்த ஆய்வொன்று 2018 இல் வெளியாயிற்று. அவற்றுட் பெரும்பாலானவற்றில் உண்மையான கிராபீன் பத்து வீதத்திலும் குறைவாகவே இருந்ததாக அது காட்டியது. பெயருக்குக் கிராபீனாயினும் அவை நுண்ணிய காரீயத் தூளே. எனவே இத்துறையில் விலை பெறுவது கனியமன்று. அதனைப் பிரிக்கும் முறையும், தரத்தை அளந்து உறுதிசெய்யும் ஆற்றலுமேயாம். அன்று கண்ணாலும் கையாலும் தரம் பிரித்தது போதுமாயிருந்தது. இன்று இலத்திரன் நுணுக்குக்காட்டியும் அதனைக் கையாளப் பயின்ற பௌதிகவியலாளரும் வேண்டும்.

இவ்வுண்மை இலங்கையில் உணரப்படாமலில்லை. 2008 இல் அரசும் தனியார் நிறுவனங்களும் கூட்டாக இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகத்தை அமைத்தன. உள்நாட்டுக் காரீயத்திலிருந்து கிராபீன் தயாரிப்பதற்கென 2018 இல் அந்நிறுவகத்தின் பங்குடன் வணிகக் கம்பனியொன்றும் தோன்றியது. இவை பாராட்டுக்குரிய தொடக்கங்களே. எனினும், ஆய்வுகூடத்திற் பயின்ற இளைஞர் தொழிலின்றியோ ஊதியம் போதாமலோ நாட்டை விட்டகல்வராயின், அன்று பீப்பாயில் ஏறியது கனியம், இன்று விமானத்தில் ஏறுவது அறிவு என்ற நிலையே ஏற்படும். முன்னையது மூலப்பொருளின் இழப்பு. பின்னையது அதனைச் செல்வமாக்கும் ஆற்றலின் இழப்பு. இவற்றுள் எது பெரிது என்பதை 1916 இன் உச்சமும் அதன்பின் வந்த வீழ்ச்சியும் ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றன.