எக்மோர்த்: உப்பு, கூலி, ஒரு வதந்தி

இந்த எபிசோடு பிரான்ஸோட தெற்கு ஓரத்துல, ரோன் ஆற்று டெல்டாவுல இருக்கிற எக்மோர்த்-ங்கிற சின்ன ஊரைப் பத்தி. பேருக்கு அர்த்தம் 'செத்த தண்ணி'. சுத்தி முழுக்க சதுப்பு நிலமும் உப்பளமும்தான்.

டூரிஸ்ட்டா போனா முதல்ல கண்ணுல படுறது மதில். சுற்றளவு கிட்டத்தட்ட 1.6 கிலோமீட்டர், மேல ஏறி ஒரு ரவுண்டு நடக்கலாம். நானும் நடந்தேன். ஒன்பதாம் லூயி மன்னர் 1248-ல் சிலுவைப் போருக்கு இங்கிருந்துதான் கப்பல் ஏறினார். 1270-லயும் இங்கிருந்தே கிளம்பி, துனிஸ்ல நோய் வந்து இறந்துட்டார். சதுக்கத்துல அவருக்குச் சிலை இருக்கு. ஊரைப் பத்தி எல்லாரும் சொல்ற கதை இதுதான்.

தெற்கு மதில் மேல நின்னு கடல் பக்கம் பார்த்தா, தூரத்துல வெள்ளையா உப்பு அம்பாரம் தெரியும். நான் சொல்ல வந்த கதை அங்கதான் ஆரம்பிக்குது.

1893 ஆகஸ்ட். கோடை வெயில்ல பாத்தியில உப்பு விளைஞ்சிருக்கு. மழைக்கு முன்னாடி வாரி எடுத்தாகணும். அதனால சில வாரத்துக்கு மட்டும் நூற்றுக்கணக்கான ஆள் வேணும். கெட்டியான உப்பை உடைச்சு, தள்ளுவண்டியில ஏத்தி, அம்பாரத்து மேல தள்ளிட்டுப் போகணும். உள்ளூர்க்காரங்க பலர் இந்த வேலையைத் தொடமாட்டாங்க. வந்தது மூணு கூட்டம்: ஆர்தேஷ் மலைப்பக்க விவசாயிகள், இத்தாலியின் பியெமோன்ட் பகுதியிலிருந்து வந்தவங்க, அப்புறம் வேலை தேடி ஊர் ஊரா அலையிற பிரெஞ்சுக்காரங்க.

கூலி பீஸ் ரேட். எவ்வளவு உப்போ அவ்வளவு காசு, அதுவும் டீமுக்கு. இத்தாலியர்கள் வருஷா வருஷம் வர்றவங்க, கை பழகினவங்க. அவங்களையும், அந்த வேலையே தெரியாத ஆட்களையும் ஒரே டீம்ல போட்டாங்க. "நீ மெதுவா செய்றதால எனக்குக் காசு போகுது"ன்னு ஒரு பக்கம். "உன் வேகத்துக்கு ஓடினா நான் செத்துடுவேன்"னு இன்னொரு பக்கம். இந்தச் சண்டையை வெறும் இனவெறின்னு மட்டும் சொல்லி முடிக்கிறது எனக்குப் போதலை. வெறுப்பு இருந்துச்சு, நிச்சயமா. ஆனா தினம் அதுக்கு எண்ணெய் ஊத்தினது இந்தக் கூலி டிசைன்.

ஆகஸ்ட் 16 அன்னைக்கு உப்பளத்துல கைகலப்பு. சிலர் ஊருக்குள்ள ஓடி, இத்தாலியர்கள் பிரெஞ்சுக்காரங்களைக் கொன்னுட்டாங்கன்னு சொன்னாங்க. செத்தது ஒருத்தரும் இல்லை. வாட்ஸ்அப் வர்றதுக்கு நூறு வருஷம் முன்னாடி, கவனிங்க! கூட்டம் கூடிடுச்சு. ஊருக்குள்ள இருந்த இத்தாலியர்கள் ஒரு ரொட்டிக் கடைக்குள்ள பதுங்கினாங்க.

மறுநாள் மேயர் ஒரு அறிவிப்பு ஒட்டினார்: இத்தாலியர்களுக்கு இனி இங்க வேலை கிடையாது. கூட்டம் ஆறிடும்னு அவர் கணக்கு. கூட்டம் அதை வேற மாதிரி படிச்சது: நாம செய்றது சரிதான்னு மேயரே சொல்லிட்டார்! உப்பளத்துல மிச்சமிருந்த இத்தாலியர்களைப் போலீஸ் காவலோட ரயில் நிலையத்துக்குக் கூட்டிட்டு வரும்போது, கட்டையும் கல்லும் துப்பாக்கியுமா வழியிலயே அடிச்சாங்க. விழுந்தவங்களையும் விடலை. ராணுவம் வந்து சேர்ந்தது சாயங்காலம். அரசுக் கணக்குப்படி 8 பேர் சாவு, எல்லாரும் இத்தாலியர்கள். காயம்பட்டவங்க இன்னும் பல பேர்.

வழக்கு அங்குலேம் நகரத்துல நடந்தது. டிசம்பர்ல தீர்ப்பு: குற்றம் சாட்டப்பட்ட எல்லாரும் விடுதலை. தீர்ப்புக்கு முன்னாடியே, ஆகஸ்ட்ல படுகொலைச் செய்தி வந்ததும், ரோம்ல ஜனங்க கொதிச்சுப்போய் பிரெஞ்சுத் தூதரகத்தைத் தாக்கியிருந்தாங்க. கடைசியில ரெண்டு அரசும் பரஸ்பரம் நஷ்டஈடு கொடுத்து விஷயத்தை முடிச்சிடுச்சு. மேயர் பதவி விலகினார்.

ஊருக்குள்ள இதுக்கு ஒரு நினைவுப் பலகை வந்தது 2018-ல், 125 வருஷம் கழிச்சு. இப்போ அந்த உப்பளத்தைச் சுத்திக் காட்ட டூரிஸ்ட்டுங்களுக்குக் குட்டி ரயில் விடுறாங்க. அம்பாரத்து மேல ஏறி போட்டோவும் எடுக்கலாம்.