அஸீஸும் கல்முனைக் கரையும்

1942ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ஆந் திகதி இரங்கூன் நகரம் யப்பானியர் வசப்பட்டது. அச்செய்தி ஈழத்துக்கு எட்டியபோது அதனைப் போர்ச்செய்தியாக மட்டும் எவருங் கொண்டாரல்லர். அடுக்களைச் செய்தியாகவுங் கொண்டனர். அந்நாளிலே இலங்கை மக்கள் உண்ட அரிசியிற் பெரும்பங்கு கடல் கடந்தே வந்தது. அதிலும் பர்மா அரிசியே மிகுதி. அவ்வழி அடைபட்டதும் அரிசிக்குப் பங்கீடும் கூப்பனும் வந்தன. கோதுமை மாவைப் பலகாரத்துக்கன்றித் தொடாத வீடுகளிலும் அது அன்றாட உணவாயிற்று. பாண் என்பது நாட்டுப்புறத்தில் நிலைபெற்றதும் பெரும்பாலும் இக்காலத்தையொட்டியேயாம். ஏப்ரில் 5ஆந் திகதி கொழும்பிலும் 9ஆந் திகதி திருகோணமலையிலும் குண்டுகள் வீழ்ந்தன. அந்த 9ஆந் திகதியே மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந் தாங்கிக் கப்பல் கடலுள் மூழ்கியது. கீழ்க்கரை மக்களுக்கு யுத்தம் பத்திரிகையிற் படிக்கும் பொருளாக இருந்த நிலைமை அன்றோடு மாறியது.

நெல் விளையும் நிலம் எங்குளது என்னும் வினா அரசாங்கத்தின் முன் எழுந்தபொழுது, எல்லார் கண்ணும் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாகத்தையே நோக்கின. அம்பாறை தனி மாவட்டமானது 1961ஆம் ஆண்டிலேதான். அதுவரை மருதமுனை தொட்டுப் பொத்துவில் வரையுள்ள கரை முழுவதும் மட்டக்களப்புக் கச்சேரியின் ஆட்சிக்கே உட்பட்டிருந்தது. கல்முனையில் அவசரகால உதவி அரசாங்க அதிபர் பதவியொன்று ஏற்படுத்தப்பட்டது. அதனை ஏற்று வந்தவர் முப்பது வயதுடைய சிவில் சேவை உத்தியோகத்தரான ஏ. எம். ஏ. அஸீஸ்.

அஸீஸ் அவர்கள் 1911ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 4ஆந் திகதி யாழ்ப்பாணத்திற் பிறந்தவர். குர்ஆன் ஓதப் பழகியபின் வண்ணார்பண்ணை வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், அதன்பின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றார். முன்னையது இராமகிருஷ்ண சங்கத்தின் தொடர்புடையது. பின்னையது சைவ பரிபாலன சபையாரின் முயற்சியால் வளர்ந்தது. இவ்விரு நிலையங்களிலும் ஒரு சோனகப் பிள்ளை தன் மார்க்கத்தைச் சிறிதும் நெகிழவிடாமற் கல்வி பெற முடிந்தமை, அக்காலத்து யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் மறந்துவிடும் உண்மையாகும். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாற்றைச் சிறப்பாகக் கற்றுத் தேறி, அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிறிட்ஜ் சென்ற அவர், 1935ஆம் ஆண்டிலே இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார். அச்சேவையிற் புகுந்த முதல் இலங்கை முஸ்லிம் அவரே.

அவர் வந்து கண்ட கரை எத்தகையது? கிழக்கே கடல், கரையையொட்டி வெண்மணலும் தென்னையும், அதன்மேல் நெருங்கிய ஊர்கள். மருதமுனையில் நெசவு, கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மீன்பிடியும் வாணிகமும், காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்னும் ஊர்களில் வயலே வாழ்வு. முஸ்லிம் ஊரும் தமிழூரும் மாலையிற் கோத்த இருவகை மணிபோல் மாறி மாறி அமைந்தவை. இரு சாராரும் பேசுவது தமிழ். இரு சாராரிடத்துந் தாய்வழிக் குடிமுறை உண்டு. மணமகன் மணமகள் வீடு சென்று வாழும் வழக்கமும் உண்டு. களவெட்டியிற் சூடு மிதிக்கும்போது பேசுதற்கென்றே தனிச்சொற்கள் வழங்கின. அச்சொற்கள் இருவருக்கும் பொது.

வயல்கள் பரந்து கிடந்தன. ஆயினும் அவற்றுக்குரியோர் சிலரே. நிலமுடைய போடியார் ஒருபுறம்; அவர்க்காகப் பயிரிட்ட முல்லைக்காரரும் கூலியாட்களும் மறுபுறம். விதைநெல்லும் உணவுநெல்லும் போடியாரிடம் முன்கடனாகப் பெற்று, அறுவடையின்போது களவெட்டியிலேயே அதனைத் திருப்பியளந்தபின், உழைத்தவன் வீட்டுக்குக் கொண்டுசென்றது பல வேளைகளிற் சொற்பமே. போடியார் யாவருங் கொடியர் என்பது கருத்தன்று. பஞ்சத்திலும் நோயிலும் தம் ஆட்களைத் தாங்கிய போடிமாரும் இருந்தனர். ஆனால் தாங்குதல் அவரவர் மனத்தைப் பொறுத்தது. உரிமை அவ்வாறு பிறர் மனத்தைப் பொறுத்ததன்று. நிலமில்லாதவனுக்கு அந்த உரிமை இல்லாதிருந்தது.

அஸீஸ் அவர்களுக்கு அரசாங்கம் இட்ட கட்டளை உணவுற்பத்தியைப் பெருக்குக என்பதே. இதனை நிறைவேற்ற எளிய வழி ஒன்றிருந்தது. ஏற்கெனவே நிலமும் எருதும் பணமும் உடையோரிடமே காட்டைக் கையளித்து, அவரைக் கொண்டு விரைவில் விளைவித்திருக்கலாம். யுத்தகாலத்தில் அதனைக் குறைகூற எவரும் முன்வந்திரார். அவர் அவ்வழியை நாடவில்லை. கரையோரத்துக்கு மேற்கேயிருந்த முடிக்குரிய காடுகளை வெட்டித் திருத்தி, நிலமற்ற விவசாயிகளுக்குப் பங்கிட்டளிக்கும் வழியையே மேற்கொண்டார். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டம், குடியானவனுக்கு அளிக்கப்படும் முடிக்காணி கடன்காரன் கைக்கு எளிதிற் போய்விடாதபடி காக்கும் நோக்குடன் இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தின் கருத்து ஏட்டோடு நில்லாமல் மண்ணில் நடந்ததற்கு, யுத்தம் ஒரு காரணமாயின் உத்தியோகத்தரின் மனச்சாட்சி மற்றொரு காரணமாகும்.

காடு வெட்டுதல் என்று எழுதுதல் எளிது. டீ.டீ.ரீ. என்னும் மருந்து இலங்கையிற் பரவலாகப் பயன்பட்டது யுத்தம் முடிந்த பின்னரேயாம். ஆகவே 1942இலே காட்டுக்குட் சென்றவன் மலேரியாவைத் தன்னுடலாலேயே எதிர்த்துச் சென்றான். இரவிலே யானை; பகலிலே வெயில். நீர்ப்பாசனமும் உறுதியானதன்று. பட்டிப்பளையாற்றை மறித்துக் கல்லோயாத் திட்டம் தொடங்கப்பட்டது 1949ஆம் ஆண்டிலேதான்; அதற்குமுன் பெரும்பாலார் வானத்தையும் சிறு குளங்களையுமே நம்பியிருந்தனர். மழை தவறினால் பயிர் கருகும். மிகுந்தால் ஆறு பெருகி வயலை மூடும். இத்தகைய நிலத்திலே, கையிற் பொருளில்லாத ஒருவனை நம்பி நிலத்தை ஒப்படைப்பது அக்காலத்து நிருவாகத்திற் சாதாரணமான காரியமன்று. அவ்வாறு திருத்தப்பட்ட வயல்நிலமொன்றை மக்கள் ‘அஸீஸ் துரைக் கண்டம்’ என வழங்கினர். துரை என்ற சொல் வெள்ளைக்கார அதிகாரியை அச்சத்தோடு குறித்த காலம் அது. ஒரு தமிழ்பேசும் உத்தியோகத்தரின் பெயரோடு சேர்ந்து அது வயலுக்குப் பெயராயிற்று.

அவர் அப்பதவியிலிருந்தது இரண்டாண்டளவே. எனினும் அவர் வாழ்க்கையின் போக்கைத் திருப்பிய ஆண்டுகள் அவை. அதற்கு நெல்லைக் காட்டிலும் கல்வியே காரணம். கீழ்க்கரை முஸ்லிம்களின் வறுமையை அவர் கோவைத்தாள்களிலன்றி நேரிற் கண்டார். கூர்த்த அறிவுடைய சிறுவர்கள் ஆரம்ப வகுப்போடு நின்று வயலுக்கும் கடலுக்கும் போவதைக் கண்டார். நிலம் பங்கிடலாம், ஒரு தலைமுறைக்குப்பின் அது பிள்ளைகளிடையே துண்டுபட்டு மீண்டும் சிறுக்கும் என்பதை வரலாறு கற்றவர் அறியாதிருக்க நியாயமில்லை. 1942ஆம் ஆண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அவர் முயற்சியால் தோன்றியது. பொருள் வசதியற்ற மாணவர் மேற்கொண்டு கற்க உதவுவது அதன் நோக்கம். ஓர் ஊரளவில் நின்ற அம்முயற்சியே நாடளாவி விரிந்து, 1945ஆம் ஆண்டில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக உருக்கொண்டது. கொழும்பிலே கூடிய பெருமக்கள் வகுத்த திட்டம் கிராமத்துக்கு இறங்கிவந்தது என்பதே இத்தகைய நிதிகளின் வழக்கமான வரலாறு. இது கிராமத்திலிருந்து கொழும்புக்கு ஏறியது.

கல்முனை வாழ்வு அவருக்கு இரு நண்பர்களைத் தந்தது. ஒருவர் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை. மகாகவி இக்பாலின் சிந்தனையைத் தமிழிலே தந்தவர். அவர் வாயிலாக இக்பாலின் கருத்துக்களில் அஸீஸ் அவர்கள் ஆழ்ந்து ஈடுபட்டார். உத்தியோகத்தைத் துறந்து கல்விப் பணிக்கு வந்த பிற்கால முடிவுக்கு வித்து இங்கே விழுந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

மற்றவர் விபுலாநந்த அடிகள். அடிகள் கல்முனைக்கு அணித்தேயுள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டிற் பிறந்து, மயில்வாகனன் என்னும் பிள்ளைப்பெயரோடு கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலே பயின்றவர். இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்ற அவர், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமைப் பதவியை விடுத்து இராமகிருஷ்ண சங்கத்திற் சேர்ந்து 1924ஆம் ஆண்டில் துறவு பூண்டார். துறவு பூண்டபின் அவர் குகையை நாடவில்லை. மட்டக்களப்பிலே 1929ஆம் ஆண்டில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். சங்கத்துப் பாடசாலைகளின் கணக்கும் கட்டடமும் ஆசிரியர் சம்பளமும் அவர் தலைமேற் கிடந்தன. யாழ்நூலை எழுதிய கைதான் பாடசாலை மானியத்துக்கு விண்ணப்பமும் எழுதியது.

இவ்விருவர் வாழ்வையும் ஒருங்கே நோக்குவார்க்கு ஒரு புதுமை புலப்படும். காரைதீவுச் சைவப்பிள்ளை கிறித்தவப் பாடசாலையிற் கற்று, பின்னர் யாழ்ப்பாண நாட்டுக்குச் சென்று இந்துக் கல்லூரியொன்றை நடத்தினார். யாழ்ப்பாணத்து முஸ்லிம் பிள்ளை இந்துக் கல்லூரியிற் கற்று, பின்னர் காரைதீவுக்கு அயலிலே வந்து நிலமும் கல்வியும் வழங்கினார். இருவரும் தத்தம் சமயத்தில் உறுதியானவர்கள். சமயங்கள் யாவும் ஒன்றே என்று பொதுப்படப் பேசி வேற்றுமையை மழுப்புவது அவர்களுடைய வழக்கமன்று. சமயப்பற்று உறுதியாயிருந்தமையாலேயே மற்றவர் சமயத்தைக் கண்டு அவர்கள் அஞ்சவில்லை போலும். அடிகள் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய்க் கொழும்பு சென்றார். 1947ஆம் ஆண்டு யூலை மாதம் 19ஆந் திகதி இவ்வுலகை நீத்தார்.

அதற்கடுத்த ஆண்டிலே அஸீஸ் அவர்கள் சிவில் சேவையை விட்டு விலகிக் கொழும்பு சாகிறாக் கல்லூரியின் அதிபரானார். 1948ஆம் ஆண்டு என்பதை ஈண்டு நினைத்தல் வேண்டும். நாடு சுதந்திரம் பெற்று, ஆங்கிலேயர் இருந்த ஆசனங்களெல்லாம் இலங்கையர்க்குத் திறந்த வேளை அது. மேலே ஏறும் படிகள் அனைத்தும் காலியாகிக் காத்திருக்கையில் அவர் இறங்கிப் பாடசாலைக்குள் நுழைந்தார். 1961 வரை அக்கல்லூரியை அவர் நடத்திய காலத்திலே கீழ்க்கரை மாணவர் பலர் அங்கே கற்றனர்.

1952ஆம் ஆண்டில் அவர் செனற் சபை உறுப்பினரானார். 1956ஆம் ஆண்டிலே சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் மசோதா வந்தபோது அவருக்கு நேர்ந்த சோதனை, கல்முனைக் காடுகளில் நேர்ந்ததைவிடக் கடியது. நாடெங்கும் சிதறி வாழும் முஸ்லிம் சமூகம் பெரும்பான்மையோடு ஒத்துப்போதலே விவேகம் என்று எண்ணிய தலைவர்கள் பலர் இருந்தனர். சிங்களப் பகுதிகளிற் கடைவைத்து வாழ்வோரின் பாதுகாப்பைக் கருதிய அவர்களின் எண்ணத்தை எளிதில் இகழ்ந்துவிடலாகாது. ஆயினும் முஸ்லிம்களிற் பெரும்பாலாரின் தாய்மொழி தமிழே என்பது அஸீஸ் அவர்கள் கண்ட உண்மை. அவ்வுண்மைக்கு மாறாகப் பேச அவர் இசையவில்லை. மசோதாவைச் செனற் சபையில் எதிர்த்தார். தமிழில் அவர் எழுதிய ‘இலங்கையில் இஸ்லாம்’ முதலான நூல்கள் அந்த நிலைப்பாட்டின் தொடர்ச்சியேயாம். அறபெழுத்தில் எழுதப்பட்ட தமிழாகிய அறபுத்தமிழையும் தமிழ்மரபின் ஒரு கிளையாகவே அவர் காட்டினார்.

அவர் 1973ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24ஆந் திகதி காலமானார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980ஆம் ஆண்டிலே அவருக்கு மறைவின்பின் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்துத் தன்னூர் மகனைச் சிறப்பித்தது.

அதன்பின் பத்தாண்டு கழிந்து நிகழ்ந்தவற்றை மறைத்து இவ்வரலாற்றை எழுதுதல் நேர்மையன்று. 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே மாதம் 12ஆந் திகதி சம்மாந்துறைக்கு அயலிலுள்ள வீரமுனையிலே கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். மாலையின் இருவகை மணிகளும் சிதறின; அயலூர் வழியாக வயலுக்குப் போதற்கும் மக்கள் அஞ்சினர். ஒக்டோபர் மாதத்திலே வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்துச் சோனகர் தெருவிலிருந்தோர் சில மணி நேரத்துள் வீட்டையும் கடையையும் விட்டுக் கையோடு கொண்டுபோக விடப்பட்ட சிறிதளவு பொருளோடு புறப்பட்டனர். அஸீஸ் குர்ஆன் ஓதப் பழகிய ஊர் முஸ்லிம்கள் இல்லாத ஊராயிற்று. அவர்களிற் பலர் புத்தளத்து அகதி முகாம்களில் ஒரு தலைமுறையைக் கழித்தனர். யுத்தம் 2009ஆம் ஆண்டில் முடிந்தபின் சிலர் மீண்டு வந்து, கூரையிழந்த தம் வீட்டுச் சுவர்களைக் கண்டனர்.

கல்முனைக் கரைக்குத் தெற்கே ஒலுவிலில் 1995ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகக் கல்லூரியொன்று எழுந்து, அடுத்த ஆண்டில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1942இலே ஆரம்ப வகுப்போடு நின்று வயலுக்குப் போன சிறுவரின் பேரப்பிள்ளைகள் அங்கே பட்டம் பெறுகின்றனர். தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் உடன் பயில்கின்றனர். அதற்குச் செல்லும் பாதையின் மேற்கே, மாரி மழைக்குப்பின், கண்ணுக்கெட்டிய தூரம் வயலே.