சும்மா நின்ற ஹெலிகாப்டர்கள்

போர்க்களத்தில் குண்டு பட்டவர்கள் எல்லோருமே அந்த இடத்திலேயே இறந்துவிடுவதில்லை. மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் ரத்தம் வடிந்து இறந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த நேரத்தைக் குறைத்ததில் ராணுவ ஹெலிகாப்டர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

1944 ஏப்ரலில் கார்ட்டர் ஹார்மன் என்ற அமெரிக்க விமானி, பர்மா காட்டில் காயத்தாலும் நோயாலும் தவித்த மூன்று பிரிட்டிஷ் வீரர்களையும், அவர்களுடன் சிக்கிய ஒரு விமானியையும் சிகோர்ஸ்கி ஹெலிகாப்டரில் மீட்டார். அதில் ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் ஏற்ற முடியும்! கொரியப் போரில் (1950-53) ஹெலிகாப்டரின் இரு பக்கமும் வெளியே ஸ்ட்ரெச்சர் கட்டித் தூக்கி வந்தார்கள். ஆனால் வழியில் சிகிச்சை கொடுக்க வழியில்லை. பிறகு வந்த 'ஹியூயி' ஹெலிகாப்டரில்தான் நோயாளியை உள்ளேயே படுக்கவைத்து, பறக்கும்போதே கவனிக்க முடிந்தது.

1962 ஏப்ரலில் அமெரிக்காவின் 57வது மருத்துவப் பிரிவு, ஐந்து ஹியூயிகளுடன் தென் வியட்நாம் வந்து சேர்ந்தது. இவர்களை ரேடியோவில் அழைக்க வைத்த சங்கேதப் பெயர் 'டஸ்ட் ஆஃப்'. காய்ந்த வயலில் இறங்கும்போது புழுதி கிளப்பும் வண்டிக்குப் பொருத்தமான பெயர்தான்!

ஆனால் ஆரம்பத்திலிருந்தே பிரச்சினை. சண்டைக்குப் போகும் ஹெலிகாப்டர்களும் ஹியூயிதான். அவற்றுக்காக மருத்துவ ஹெலிகாப்டர்களின் உதிரி பாகங்களைக் கழற்றிக் கொண்டு போனார்கள். அடுத்து, ஜெனரல் ஜோசப் ஸ்டில்வெல் ஒரு யோசனை சொன்னார். செஞ்சிலுவைச் சின்னத்தைக் கழற்றி மாட்டும்படி வைத்துக்கொள்வோம். நோயாளிகள் இல்லாத நேரத்தில் சரக்கும் ஆட்களும் ஏற்றுவோம்.

கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் இதில் தவறே இல்லை. விலை உயர்ந்த இயந்திரம் சும்மா நிற்கலாமா? ஆனால் தீயணைப்பு வண்டி சும்மாதானே நிற்கிறது என்று மணல் ஏற்ற அனுப்பினால், தீப்பிடிக்கும் நேரத்தில் என்ன ஆகும்?

1964 ஜனவரியில் இப்பிரிவுக்குத் தலைமை ஏற்ற மேஜர் சார்லஸ் கெல்லி இந்த யோசனையைக் கடுமையாக எதிர்த்தார். வாதம் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரியும். மார்ச் மாதம் மீகாங் டெல்டாவில் உள்ள சோக் டிராங்கில் ஹெலிகாப்டர்களை நிறுத்தி, அங்கேயே தங்கினார். இரவுகளில் முகாம் முகாமாகப் பறந்து, காயம்பட்டவர்கள் இருக்கிறார்களா என்று ரேடியோவில் தானே கேட்டார். 'பைத்தியக்காரக் கெல்லி' என்று பட்டப்பெயர் வந்தது. மருத்துவ ஹெலிகாப்டருக்கு முழுநேர வேலை உண்டு என்று காட்டுவதே அவர் நோக்கம்.

1964 ஜூலை 1. வின் லாங் அருகே காயம்பட்டவர்களை ஏற்ற கெல்லி இறங்கினார். எதிரிகளின் துப்பாக்கிச் சூடு கடுமையாக இருந்தது. உடனே கிளம்பும்படி தரையிலிருந்து எச்சரித்தார்கள். "உங்கள் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டதும்" என்பதுதான் அவர் பதில். அடுத்த சில நொடிகளில் திறந்திருந்த கதவு வழியாக வந்த குண்டு அவர் நெஞ்சில் பாய்ந்தது. ஹெலிகாப்டர் கவிழ்ந்தது. உடன் இருந்தவர்கள் பிழைத்தார்கள், கெல்லி இறந்தார்.

அதற்குப் பிறகு ஹெலிகாப்டர்களை வேறு வேலைக்கு மாற்றும் பேச்சு அடங்கிவிட்டது. சோக் டிராங் பொறுப்பை ஏற்ற கேப்டன் பேட்ரிக் பிராடி, கெல்லி கற்றுக்கொடுத்தபடியே பறப்போம் என்றார். 1968 ஜனவரி 6 அன்று பனிமூட்டத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் மூன்று ஹெலிகாப்டர்களை மாற்றி மாற்றி ஓட்டி, ஒரே நாளில் 51 பேரைக் காப்பாற்றினார்.

1973க்குள் டஸ்ட் ஆஃப் ஹெலிகாப்டர்கள் சுமார் 8.5 லட்சம் முதல் 9 லட்சம் பேரை ஏற்றிச் சென்றன. அவர்களில் வியட்நாம் வீரர்களும் பொதுமக்களும் ஏராளம். இதற்குக் கொடுத்த விலையும் பெரிது. விமானிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்தார் அல்லது காயமடைந்தார்.

1970ல் அமெரிக்காவின் டெக்சாஸில், சாலை விபத்துகளில் சிக்கியவர்களை ராணுவ ஹெலிகாப்டரில் ஏற்றும் திட்டம் தொடங்கியது. வியட்நாம் அனுபவம் இப்படி ஊருக்குள்ளும் வந்தது. அமெரிக்க ராணுவ மருத்துவ ஹெலிகாப்டர்களை இன்றும் 'டஸ்ட் ஆஃப்' என்றே அழைக்கிறார்கள். அழைப்பு வரும்வரை அவை சும்மாதான் நிற்கின்றன. அப்படி நிற்பதும் ஒரு வேலைதான் என்பதை ஏற்கவைக்க ஒருவர் உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது.