மரச்சீனி எங்கே போகும்?

இங்கே பெர்த் நகரில் கோடைகாலம் வந்தால் வானிலை அறிக்கையில் வெப்பநிலையோடு இன்னொரு எண்ணும் சொல்வார்கள். யூவி இன்டெக்ஸ். அது 3-ஐத் தொட்டாலே தொப்பி, சன்ஸ்கிரீன் என்பது பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும். அம்பூரியில் வளர்ந்த எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வெயிலுக்கு நம்பரா என்று. 2025 மார்ச்சில் கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையமே யூவி எச்சரிக்கை விட்டதும் சிரிப்பு நின்றுபோனது. அம்மாவுக்குப் போன் போட்டு, மத்தியானம் தோட்டத்தில் இறங்கக் கூடாது என்றேன்.

"மனுசன் குடையப் பிடிச்சிட்டு வீட்டுக்குள்ள வந்துரலாம் மக்கா. மரச்சீனி எங்க போவும்?" என்றாள்.

பி.காம். படித்துவிட்டு பேங்கில் லோன் பேப்பர் புரட்டுகிறவனுக்கு இதற்குப் பதில் எங்கே தெரியும்? ஆனால் கேள்வி விடவில்லை. ராத்திரிகளில் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் ஒரு நல்ல கதை கிடைத்தது.

முதலில் வெயில் என்ன கெடுதல் செய்கிறது என்று பார்த்துவிடுவோம். டிஎன்ஏவை நான்கே எழுத்துகளில் எழுதிய பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தைமின் என்று ஓர் எழுத்து. இரண்டு தைமின்கள் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் புற ஊதாக் கதிர் பட்டால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பேரேட்டைப் படித்துக்கொண்டு போகிற செல் அந்த இடத்தில் தடுமாறி நிற்கும், அல்லது தப்பாகப் படிக்கும். இந்த ஒட்டலை 1960-ல் நெதர்லாந்துக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், நோய் இன்னதென்று தெரிவதற்குப் பதினோரு வருஷம் முன்பே மருந்து தெரிந்துவிட்டது!

அமெரிக்காவில் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் கெல்னர் என்று ஒருவர். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து தரும் நுண்ணுயிரை யூவி விளக்கில் காட்டி, எத்தனை பிழைக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். கணக்கு டேலி ஆகவே இல்லை. ஒரே அளவு கதிர்தான், ஆனால் ஒரு நாள் எல்லாம் சாகிறது, இன்னொரு நாள் நிறையப் பிழைக்கிறது. வெப்பநிலைதான் காரணமோ என்று அதைத் துருவினார். அதுவும் இல்லை. கடைசியில் பார்த்தால், ஜன்னல் வெளிச்சம்! வெளிச்சம் பட்ட குடுவையில், இருட்டில் வைத்ததைவிட லட்சக்கணக்கான மடங்கு உயிர் பிழைத்திருந்தது. இது வெளியானது 1949-ல். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம் தெரிந்ததே 1953-ல்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

அதே வருஷம் இண்டியானாவில் ரெனாட்டோ டல்பெக்கோவுக்கும் இதே அனுபவம். யூவி பட்ட வைரஸ் இருந்த தட்டுகளை டியூப் லைட்டுக்குக் கீழே அடுக்கி வைத்திருந்தார். வெளிச்சம் அதிகம் பட்ட மேல் தட்டுகளில் வைரஸ் அதிகம் பிழைத்திருந்தது.

கணக்கு டேலி ஆகாதபோது "ரவுண்டிங் மிஸ்டேக்" என்று எழுதி மூடிவிட்டுப் போகிறவர்களை என் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர்கள் மூடவில்லை.

வெளிச்சத்தில் வேலை செய்கிற அந்த ஆள் யார்? 1958 வாக்கில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிளாட் ரூபர்ட் என்பவரும் கூட்டாளிகளும், உயிருள்ள செல் இல்லாமல் அதன் சாற்றிலேயே இந்த ரிப்பேர் நடக்கும் என்று காட்டினார்கள். அதாவது அது ஒரு என்சைம். பெயர் போட்டோலையேஸ். நீல வெளிச்சத்தை வாங்கி, அந்தச் சக்தியால் ஒட்டிக்கொண்ட இரண்டு எழுத்துகளையும் பிரித்துவிடும். தாளைக் கிழிப்பதில்லை, வெட்டுவதில்லை. 1969-ல் இது பீன்ஸ் செடியிலும் இருப்பது தெரிந்தது. பிறகு செடி செடியாகக் கிடைத்தது.

அம்மாவின் கேள்விக்கு பதில் இதுதான். மரச்சீனி எங்கேயும் போக வேண்டாம். காயப்படுத்துகிற வெயிலிலேயே மருந்தும் இருக்கிறது. செடிக்கு இருட்டிலும் நடக்கிற இன்னொரு வழியும் உண்டு. கெட்ட துண்டை வெட்டி எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்து நகலைப் பார்த்துப் புதிதாக எழுதுவது. மெதுவான வேலை.

இந்த இரண்டு வழிகளிலும் கைவைத்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக மனசில்லை. துருக்கியில் சவூர் என்ற சிற்றூரில் பிறந்த அஜீஸ் சான்ஜார். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. டாக்டருக்குப் படித்துவிட்டு 1971-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போனார். ஆங்கிலம் சரியாக வரவில்லை, தனிமை வேறு. ஊருக்கே திரும்பி கிராமத்து டாக்டர் ஆனார். பிறகு 1973-ல் டல்லாஸுக்குப் போயிருந்த ரூபர்ட்டிடமே மாணவராகச் சேர்ந்தார். 1976-ல் போட்டோலையேஸ் மரபணுவைத் தனியாகப் பிரித்தெடுத்தார். இவ்வளவு செய்தவருக்கு அடுத்து மூன்று ஆய்வுக்கூடங்களில் இடம் கிடைக்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் டெக்னீஷியனாகப் போய்ச் சேர்ந்தார். அங்கே தொடங்கிய வேலைதான் அந்த வெட்டி ஒட்டும் வழியைப் பற்றியது. 2015-ல் வேதியியல் நோபல், இன்னும் இருவரோடு. ஊரை விட்டு வந்து முதல் வருஷம் பாஷை தெரியாமல் விழித்தவர்களுக்கு இந்தக் கதை வேறு மாதிரி கேட்கும்.

எல்லாச் செடிக்கும் இந்த என்சைம் ஒரே தரமா? இல்லை. ஜப்பானில் டொஹோகு பல்கலைக்கழகத்தில் நெல் ரகங்களைப் பரிசோதித்தார்கள். சசானிஷிகி ரகம் யூவியைத் தாங்கியது. நோரின் 1 வாடியது. சூர்யமுகி என்ற இண்டிகா ரகம் இன்னும் மோசம். பெயர் சூரியமுகி, சூரியனைத் தாங்காது! 2005-ல் காரணம் வெளியானது. நோரின் 1-இல் இந்த என்சைமின் 126-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. ஒரே ஒரு என்ட்ரி.

அப்படியானால் நாம்? இதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட இடம். பாக்டீரியா, செடி, மீன், தவளை எல்லாவற்றிலும் இந்த என்சைம் உண்டு. ஆஸ்திரேலியாவின் கங்காரு இனத்திலும் உண்டு என்று 1969-லேயே சொல்லிவிட்டார்கள். மனிதனிடம் இல்லை என்று 1993-ல் சான்ஜாரின் குழுவே காட்டியது. பரிணாமப் பாதையில் எங்கோ தொலைத்துவிட்டோம். வெட்டி எழுதுகிற மெதுவான வழி மட்டும்தான் மிச்சம். அதுவும் பிறவியிலேயே பழுதானவர்களுக்குச் சின்ன வயதிலேயே தோல் புற்றுநோய் வருகிறது. என் வீட்டு வேலிக்கு வெளியே மேய்கிற கங்காருவுக்கு வெயிலிலேயே வைத்தியம், எனக்கு சன்ஸ்கிரீன்.

இவ்வளவையும் போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு என்னால் முடிந்த மட்டும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ மரச்சீனிக்கு உள்ள மருந்து வெயிலுலயே இருக்கு. நமக்கு இல்ல. அப்பிடித்தானே?"

"அதேதாம்மா."

"செரி. வெயிலு தாந்த பெறவு போறேன்."

எச்சரிக்கை சொன்னபோது கேட்காதவள், காரணம் சொன்னதும் கேட்டுவிட்டாள்.