துவக்கு இல்லாத கட்டலினா

கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸில் போகும்போது வாசியுங்கள். காலிப் பக்கத்தில் இருந்து வெலிகமைக்குப் போகிற பஸ் என்றால் இன்னும் நல்லது. இடது பக்க சீட்டில் உட்காருங்கள்.

போன லீவில் ராத்தாவின் மகன் கட்டாரில் இருந்து வரும்போது ஒரு பெட்டி கொண்டுவந்தான். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி விமானம் செய்கிற கிட். 72இல் ஒரு பங்கு அளவு. இரண்டாம் உலக யுத்தத்தின் கட்டலினா. நிஜ விமானத்தின் சிறகு ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு 31 மீற்றருக்கு மேல். எங்கள் மேசையில் அது 44 சென்ரிமீற்றர். பாடசாலைக் கண்காட்சிக்கு வைப்போம் என்று நான்தான் ஆசை காட்டினேன்.

கட்டலினா என்றதும் எனக்கு நினைவு வந்தது பேர்ச்சோல் என்ற கனேடிய விமானியின் கதை. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலை வாவியில் இருந்து கிளம்பி, இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு தகவல் அனுப்பியவர். சுட்டு வீழ்த்தப்பட்டுக் கைதியானார். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை, வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்த உற்சாகத்தில் முதல் நாளே மூக்கில் இருக்கும் துவக்கைப் பசை போட்டு ஒட்டிவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் கொக்கலையில் இருந்து பறந்த வேறு ஐந்து கட்டலினாக்களைப் பற்றி வாசித்தேன். இவ்வளவு காலம் சரித்திரம் படிப்பித்தும் ஒரு நாள்கூட வகுப்பில் சொல்லவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததோடு அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான வான்வழி அறுந்துபோனது. அந்தமான் தீவுகளும் ஜப்பான் கையில். மிஞ்சியது இந்து சமுத்திரத்தை நேராகக் குறுக்கே கடக்கும் வழி மட்டும்தான். பெர்த் நகரத்தில் இருந்து கொக்கலை வரை 5,600 கிலோமீற்றருக்கு மேல், வழியில் இறங்காமல். 1943 நடுப்பகுதியில் குவாண்டாஸ் நிறுவனம் அதை ஆரம்பித்தது. ஆயுதம் இல்லை. எதிரியின் விமானம் வரக்கூடிய பகுதியை இருட்டில் கடக்கவேண்டும். றேடியோ பேசக்கூடாது. திசை காட்டியது நட்சத்திரங்கள்.

வழமையாக ஒரு பயணம் 28 மணித்தியாலம் முதல் 32 மணித்தியாலம் வரை. ஆக நீண்டது 32 மணித்தியாலம் 9 நிமிடம். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு தடவை உதிக்கும். அதனால் “இரட்டைச் சூரியோதயம்” என்று பெயர். பயணிகளுக்கு அந்தப் பெயரில் “இரகசியச் சங்க” சான்றிதழும் கொடுத்தார்கள்.

இப்படிப் பறக்க விமானத்தை எப்படி மாற்றினார்கள்? சேர்த்தது எரிபொருள் மட்டும்தான். உடலுக்குள்ளேயே மேலதிகத் தாங்கிகள். மொத்தம் கிட்டத்தட்ட 9,000 லீற்றர். மற்றதெல்லாம் கழற்றியது. துவக்குகள், உறைபனியைத் தடுக்கும் றப்பர், உள்ளே குளிரைத் தாங்கும் விரிப்பு, இல்லாவிட்டாலும் பறக்கலாம் என்ற எல்லாமே. அப்படியும் அனுமதித்த எடையைத் தாண்டித்தான் கிளம்பியது. முதல் சில மணித்தியாலத்துக்குள் ஓர் எஞ்சின் நின்றால் மற்றதால் தனியே தாங்க முடியாது. இவ்வளவும் செய்து கொண்டுபோனது மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும்! எங்கள் ஊரில் கல்யாண வீட்டுக்கு வாங்கும் அரிசி இதைவிடக் கூட.

மருமகனிடம் சொன்னேன், நாங்கள் செய்யப்போவது இந்த விமானத்தைத்தான் என்று. அவன் முகம் வாடிவிட்டது. “மாமா, துவக்கு இல்லாட்டி யாரு பாக்கப் போறா?”

மூக்குத் துவக்கை பிளேட்டால் அறுத்தோம். தழும்பு இன்னும் தெரிகிறது. சிறகுக்குக் கீழே குண்டு மாட்டும் தாங்கிகளைப் பொருத்தவில்லை, துளைகளை புட்டியால் அடைத்தோம். பெரிய வேலை சில்லுகள்தான். பெட்டியில் இருந்தது தரையிலும் இறங்கும் வகை. அந்த ஐந்தும் தண்ணீரில் மட்டும் இறங்குபவை. உடலின் இரு பக்கமும் சில்லு மடங்கும் பள்ளத்தையும் மூக்கின் கீழே இருந்த கதவையும் பிளாஸ்டிக் தகடு வெட்டி மூடி, புட்டி பூசி, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து... மூன்று வெள்ளிக்கிழமை பின்னேரம் அதிலேயே போனது. சிறகு முனையில் இருக்கும் மிதவைகள் பறக்கும்போது மேலே மடங்கிச் சிறகோடு சேர்ந்துவிடும். நாங்கள் கீழே இறக்கி வைத்தோம். வாவியில் நிற்கும் கோலம்.

அவன் மனம் மாறியது பெயர்களைப் பார்த்தபோது. ஐந்துக்கும் நட்சத்திரங்களின் பெயர். அல்டெயார், வேகா, ரிஜெல், அன்டாரிஸ், ஸ்பிகா. முதல் மூன்றும் அறபுச் சொற்களில் இருந்து வந்தவை. அல்டெயார் என்பது “அந்நஸ்ர் அத்தாஇர்”, பறக்கும் கழுகு. வேகா என்பது “அந்நஸ்ர் அல்வாகிஃ”, இறங்கும் கழுகு. ரிஜெல் என்பது “ரிஜ்ல்”, கால். மத்றஸாவில் அவன் படித்த சொல். அறபு வானியலாளர்கள் எழுதிவைத்த பெயர்கள் ஐரோப்பா போய், கொக்கலை வாவிக்கு ஒரு விமானத்தின் பெயராக வந்திருக்கின்றன. “அப்ப பறக்குற கழுகையே செய்வோம் மாமா” என்றான்.

1945 ஜூலை வரை 271 தடவை கடந்தார்கள். ஒரு விமானமும் விழவில்லை. யுத்தம் முடிந்ததும் அந்த விமானங்களையே அவுஸ்திரேலியக் கடலில் மூழ்கடித்தார்கள். அமெரிக்காவிடம் யுத்தக் கடன் ஏற்பாட்டில் வாங்கியவை, அதன் நிபந்தனை அப்படி.

நிறம் பூசிய கதையை இன்னொரு நாளைக்குச் சொல்கிறேன். இப்போது விமானத்தை வைக்கும் பலகைதான் பிரச்சினை. நீல வாவி, தென்னை மரம், கரையில் ஒரு படகுத்துறை என்று மருமகன் படம் வரைந்தான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கரை சும்மா கிடந்த கரை இல்லை. விமானத்தளத்துக்காக அங்கிருந்த கிராமத்து மக்களை மிகக் குறுகிய அவகாசத்தில் எழுப்பினார்கள். வீடுகளை இடித்தார்கள். எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் வீடு மட்டும் தப்பியது. இன்று அருங்காட்சியகமாக இருக்கும் அதே வீடுதான். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய் அதன் முற்றத்தில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்திருக்கிறேன். பக்கத்து வீடுகள் எங்கே என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

விமானத்தில் இருந்து கழற்றியவற்றுக்குக் கிலோ கணக்கு வைத்தார்கள். கரையில் இருந்து கழற்றியவர்களின் கதை எங்களிடம் எவ்வளவு இருக்கிறது?

அதனால் பலகையின் ஒரு மூலையில், தென்னைகளுக்கு நடுவே, வீட்டு அத்திவாரங்களை மட்டும் வைத்திருக்கிறோம். தீப்பெட்டி அட்டையில் வெட்டியவை. சுவர் இல்லை, கூரை இல்லை. ஒரேயொரு முழு வீடு. அதற்கு ஓடு ஒட்டும் வேலை இன்னும் முடியவில்லை.

கண்காட்சி வரும் மாதம். உங்கள் வீட்டில் வாப்பும்மாவோ மூத்தப்பாவோ கொக்கலை யுத்தகாலத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால், தளத்தில் கூலி வேலைக்குப் போனது, சாமான் விற்கப் போனது, அங்கிருந்து எழும்பி வந்தவர்களுக்கு இடம் கொடுத்தது, எதுவானாலும், கீழே எழுதுங்கள். எழுத நேரமில்லாவிட்டால் வொய்ஸ் அனுப்புங்கள். மருமகன் கேட்டு எழுதித் தருவான். சிங்கள நண்பர்களுக்கும் சொல்லுங்கள். பழைய படம் இருந்தால் கொண்டுவாருங்கள், ஃபோனில் எடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தருகிறேன்.