ஊர் நூலகமும் சேரிப் பிள்ளையும்: மதுரைச் சமவெளியில் புத்தகம் நடந்த வழி



மதுரையின் நூலக வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1901 இல் தொடங்குவார்கள். அந்த ஆண்டில்தான் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அதோடு சேர்ந்து பாண்டியன் புத்தகசாலையும் வந்தது. மதுரையில் பேச வந்த தேவர் திருக்குறள் பிரதி ஒன்று கேட்டு, அது எளிதில் கிடைக்காமல் வருந்தியதே சங்கத்துக்கு வித்து என்று சொல்வதுண்டு.

அந்தக் கதைக்குப் பக்கத்தில் இன்னொன்றையும் வைக்க வேண்டும். திருக்குறள் சுவடியை எல்லிஸ் துரையின் கைக்குச் சேர்த்தது தம் பாட்டனார் கந்தப்பன் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதிவைத்திருக்கிறார். கந்தப்பன் ஹாரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். ஜமீன்தார் ஒருவருக்கு ஒரு நாள் புத்தகம் கிடைக்காதது வரலாறாகிவிட்டது. சுவடியைக் காத்த குடிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே கிடைக்காதது நீண்ட காலம் வரலாறாகவில்லை. அயோத்திதாசர் 1907 இல் தொடங்கிய வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயராக வைத்ததில் ஒரு நூலகக் கொள்கை இருக்கிறது: வாசிப்பவரின் மடியில் இருக்கும் காசுக்கு எட்டும்படி அச்சு வர வேண்டும்.

பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குவோம். ஊருக்குள் இருந்த பள்ளிகள் நம் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தன. சேர்த்த இடங்களில் தள்ளி உட்கார வைத்தன. கோயிலிலும் அக்கிரகாரத்திலும் நடந்த பள்ளிக்குள் நுழையவே முடியவில்லை. இதனால் 1920களில் சென்னை மாகாண அரசின் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டோருக்கென்று தனிப் பள்ளிகளைத் திறந்தது. இந்தப் பள்ளிகளின் வழிவந்தவைதான் பின்னர் அரிசன நலப் பள்ளிகளாகி, இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக ஆயிரத்துக்கும் மேல் நிற்கின்றன. மதுரை, தேனி, திண்டுக்கல் பகுதியில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் நிழலில் பிறந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதே காலத்து வரலாறுதான். 1920 ஏப்ரல் 3 இல் பெருங்காமநல்லூரில் சிந்திய இரத்தத்தை விட்டுவிட்டு அவற்றின் கதையைச் சொல்ல முடியாது. சமூகத்தின் விளிம்பில் இருந்தவர்களுக்கு அரசு எழுத்தைக் கொடுத்தது. பாடநூலுக்கு அப்பால் வேறு புத்தகம் கொடுப்பது அதன் திட்டத்தில் முதன்மையாக இருக்கவில்லை.

1924 இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தை நாம் அறிவோம். பொதுத்தெரு, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எல்லாம் எல்லாருக்கும் உரியவை என்றது அது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனவர்களில் மேலூர்த் தும்பைப்பட்டியின் கக்கனும் ஒருவர். கோயில் நுழைவுக்கு ஒரு தேதி இருக்கிறது. ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். நூலக நுழைவுக்குத் தேதி கிடையாது.

அமெரிக்காவில் அதற்கும் தேதி உண்டு. 1961 மார்ச் 27 அன்று மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த பொது நூலகத்துக்குள் டூகலூ கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் ஒன்பது பேர் நுழைந்து, புத்தகத்தை எடுத்துவைத்து வாசிக்க உட்கார்ந்தார்கள். அதற்காகவே கைது செய்யப்பட்டார்கள். அங்கே தடை எழுதப்பட்டிருந்தது, எனவே உடைக்க முடிந்தது. இங்கே நூலகச் சட்டத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. தெருவின் அமைப்பே தடையாக இருந்தது.

சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948 இல் நிறைவேறி 1950 இல் நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இதுவே முதல் நூலகச் சட்டம். கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியாரும், இருபது ஆண்டுகளாக இதற்கு வாதாடிய சீர்காழி இரங்கநாதனும் இதன் பின்னால் நின்றார்கள். 1931 இல் இரங்கநாதன் தம் ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது அவற்றில் ஒன்று. அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். வாசகர் வரும்வரை காத்திராமல் புத்தகமே அவரிடம் போக வேண்டும் என்பதே அந்த வண்டி சொன்ன பாடம்.

சட்டம் வந்த பிறகு, நூலகத்துக்கான பணம் சொத்து வரியோடு சேர்த்து வசூலாகிறது. இன்று அது ரூபாய்க்குப் பத்துக் காசு. சேரியில் இருக்கும் ஓட்டு வீட்டுக்கும் வீட்டுவரி ரசீது உண்டு. அந்த ரசீதுக்குள் நூலக வரியும் இருக்கிறது. ஆகவே நூலகம் யாரும் நமக்குப் போடும் தருமம் அல்ல. நாம் கட்டிய வரியில் நடப்பது. ஆனால் கிளை நூலகம் எங்கே வந்தது? யாராவது இடம் கொடுத்த இடத்தில், வாடகைக்குக் கட்டடம் கிடைத்த தெருவில் வந்தது. இடம் கொடுக்கும் நிலையில் இருந்தவர்கள் யார், அவர்களுடைய தெரு எது என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடக்க வேண்டியிருந்த தெருவில் நூலகம் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு அது மூடியே இருந்தது என்றுதான் பொருள்.

எண்பதுகளின் இறுதியில் மதுரையில் ஒரு திருப்பம் நேர்ந்தது. அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் 1989 இல் தலித் ஆதார மையம் தொடங்கியது. அம்பேத்கர் நூற்றாண்டான 1991 ஊர் ஊராகப் படிப்பு வட்டங்களை உண்டாக்கியது. 1992 இல் மதுரையின் சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம் பாமாவின் 'கருக்கு' நூலை வெளியிட்டது. பாமா ஒரு பள்ளி ஆசிரியர். நம் வாழ்க்கையை நம் மொழியிலேயே எழுதலாம் என்று தமிழ்நாட்டுக்குக் காட்டியவர் ஒரு வகுப்பறையிலிருந்து வந்தார். அவருடைய புத்தகம் இந்த நகரத்தில் அச்சாகி உலக மொழிகளுக்குப் போனது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளி அலமாரிக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று நாம் கேட்டாக வேண்டும்.

1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 2006 வரை முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. உத்தப்புரத்துச் சுவரில் 2008 மே மாதத்தில்தான் வழி திறந்தது. இவை நூலகத்தோடு தொடர்பில்லாத செய்திகள் அல்ல. அதே 2006 இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிதோறும் ஒரு நூலகம் என்றது. அதை ஊராட்சியின் பொறுப்பிலேயே விட்டது. தலைவர் நாற்காலியில் உட்காரவே உயிரைக் கொடுக்க வேண்டியிருந்த மண்ணில், நூலகச் சாவி யார் கையில் இருக்கும், எந்நேரம் திறக்கும் என்பதும் அதிகாரக் கேள்விதான். கட்டடம் எழுந்த பல ஊர்களில் நூலகம் பூட்டிக் கிடந்தது. திறந்துவைக்க முழுநேர ஆள் இல்லை.

பள்ளிக்குள் வருவோம். 2009 இன் கல்வி உரிமைச் சட்டத்து அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், பருவ இதழ், கதைப் புத்தகம் உள்ளிட்ட நூல்களோடு நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. நூலகர் வேண்டும் என்று சொல்லவில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் பள்ளியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் தருகிறது. அதே திட்டத்துக்கான நிதியைத்தான் பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி 2024 முதல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்குத் தராமல் நிறுத்தியது. புத்தகம் வந்தாலும் அதை எண்ணிப் பதிந்து, அலமாரிச் சாவியைப் பத்திரப்படுத்தி, கிழிந்தால் பதில் சொல்வது ஓர் ஆசிரியர். ஈராசிரியர் பள்ளியில் அவர்தான் ஐந்து வகுப்புக்கும் பாதிப் பொறுப்பு. அவர் புத்தகத்தைப் பூட்டி வைப்பதைக் குறை சொல்வது எளிது. தொலைந்தால் அவர் தலையில் விழாது என்று எழுதிக் கொடுப்பவர் யார்?

2023 ஜூலை 15 அன்று புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. பரப்பு சுமார் 2 லட்சத்து 13 ஆயிரம் சதுர அடி. குழந்தைகளுக்கும் போட்டித் தேர்வு எழுதுவோருக்கும் தனிப் பகுதிகள் உண்டு. நம் மாணவர்கள் அங்கே நாள் முழுதும் உட்கார்ந்து படிப்பதைப் பார்க்கையில் மகிழ்ச்சிதான். ஊர்த்தெருவைக் கடக்காமல், சாதி கேட்காத ஒரு கட்டடத்தில் மின்விசிறிக்குக் கீழே மேசை கிடைப்பது சிறிய விஷயம் அல்ல. ஆனால் பேரையூர்ப் பக்கத்துச் சேரியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு அந்த நூலகம் ஒரு சுற்றுலா. அவளுக்கு நூலகம் என்பது அவள் பள்ளி அலமாரிதான். திறந்தே நின்றுவிட்ட சிம்மக்கல் மைய நூலகமும் புது நத்தம் சாலை மாளிகையும் அந்த அலமாரிக்கு ஈடாகாது.

திறந்த அலமாரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த பிள்ளைகள். அதன் பின்னரே நீதிபதி சந்துரு குழு அமைந்தது. சாதியைப் பற்றி வாசிக்காத வகுப்பறையில் சாதி தானாகவே பாடம் நடத்திக்கொள்கிறது. அம்பேத்கரும் பாமாவும் நம் பிள்ளைகளுக்கு மட்டும் தேவைப்படும் புத்தகங்கள் அல்ல. அரிவாள் எடுத்த பிள்ளைக்கும் அவை தேவைப்பட்டிருந்தன.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. மூன்று நான்கு பள்ளிகளுக்கு ஒருவராவது சம்பளம் பெறும் நூலகர் வேண்டும். தேய்ந்து கிழிந்த புத்தகத்துக்கு ஆசிரியரைப் பொறுப்பாக்காத ஆணை வேண்டும். வட்டார வள மையத்திலும் டி.கல்லுப்பட்டி ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலும் ஆசிரியர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகும்படி தலித் எழுத்துகள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023 வரவுசெலவுத் திட்டத்தில் அரசு அறிவித்தது. அப்படி இணைக்கும்போது அவற்றின் நூலகக் கணக்கை முதலில் எடுத்து, குறையை நிரப்ப வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்ப் பள்ளிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு கேள்வி அனுப்புங்கள்: எத்தனை நூல்கள் இருக்கின்றன? கடந்த ஓராண்டில் எத்தனை நூல்கள் பிள்ளைகளின் கைக்குப் போயின? இரண்டாவது கேள்விக்கான பதில் வழங்கல் பதிவேட்டில் இருக்கும். அந்தப் பதிலையும் வீட்டுவரி ரசீதையும் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள்.

ஜெய்பீம்.