பொந்தியான் கரையிறக்கமும் காஷ்மீர் விவாதமும்: ரமணியின் 1965 நிலைப்பாடு குறித்த ஒரு மறுவாசிப்பு

1965 செப்டம்பரில் காஷ்மீர்ப் போர் குறித்து ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் மலேசியாவின் நிரந்தரப் பிரதிநிதி ராதாகிருஷ்ண ரமணி ஆற்றிய உரையைக் காரணம் காட்டி, அடுத்த மாதம் 5ஆம் நாள் பாகிஸ்தான் கோலாலம்பூருடன் தூதரக உறவை முறித்துக்கொண்டது. அவ்வுரை இந்தியாவின் வாதத்துக்கு இசைவாக அமைந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஏன் அப்படி அமைந்தது என்பதில்தான் விளக்கங்கள் பிரிகின்றன. பேசியவர் இந்தியாவில் பிறந்து மலாயாவில் வழக்கறிஞராகப் பெயர் பெற்றவர் என்பதால் பிறப்பின் பற்று வெளிப்பட்டது என்பது ஒரு விளக்கம்; இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்து நின்ற காலத்தில் புதுடில்லி காட்டிய ஆதரவுக்குச் செலுத்தப்பட்ட நன்றிக்கடன் என்பது மற்றொன்று. இரண்டுமே உரையை அதற்கு ஓராண்டு முன்னர் அதே மன்றத்தில் நடந்த விவாதத்திலிருந்து துண்டித்துப் படிக்கின்றன. 1964 ஆகஸ்ட் 17 அன்று ஜொகூரின் பொந்தியான் மாவட்டத்தில் நிகழ்ந்த கரையிறக்கத்தையும், அதற்கு மன்றம் தந்த விடையையும் முதலில் வைத்துப் படித்தால், ரமணியின் நிலைப்பாடு ஒரு தனிமனிதரின் சாய்வாகத் தெரியாது. சிறிய நாடு ஒன்று தன் மண்ணில் பெற்ற சட்ட அனுபவத்தின் தொடர்ச்சியாகவே தெரியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பொந்தியான் நிகழ்வை ராணுவ வரலாறுகள் ஒரு தோல்விக் குறிப்பாகவே கடந்துபோகின்றன. நூற்றுக்குச் சற்று மேற்பட்டோர் இரவில் படகுகளில் நீரிணையைக் கடந்து மாவட்டத்தின் மூன்று இடங்களில் இறங்கினர். அவர்களில் இந்தோனேசியப் படையினரும் இருந்தனர், இந்தோனேசியாவில் பயிற்சி பெற்ற மலேசியரும் இருந்தனர். உள்ளூர் மக்கள் திரண்டு எழுவார்கள் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. பெரும்பாலோர் பிடிபட்டனர் அல்லது கொல்லப்பட்டனர். பதினாறு நாள் கழித்து, செப்டம்பர் 2 அன்று, லாபிஸ் பகுதியில் விமானத்திலிருந்து பாராசூட் படையினர் இறக்கப்பட்டதும் மலேசியா நாடு முழுவதும் நெருக்கடிநிலையை அறிவித்து, செப்டம்பர் 3 தேதியிட்ட கடிதத்தின் மூலம் பாதுகாப்பு மன்றத்தை நாடியது. இவ்வளவும் அறிந்ததே. கவனிக்கப்படாதது, இவ்விரு நிகழ்வுகளும் சட்டத்தின் முன் ஒரே எடையுள்ளவை அல்ல என்பது. லாபிஸில் ஓர் அரசின் விமானம் மற்றோர் அரசின் வான்பரப்புக்குள் நுழைந்தது. விமானத்தைத் தொண்டர் என்று சொல்ல எவராலும் இயலாது. பொந்தியானிலோ வந்தது படகு. வந்தவர்கள் ஒரு கலவைக் கூட்டம். அவர்களுள் சிலர் வந்திறங்கிய நாட்டின் குடிமக்களே. ஓர் அரசு தன் கையை மறைத்துக்கொண்டு செய்யும் தாக்குதலின் எல்லா அடையாளங்களும் பொந்தியானில்தான் இருந்தன. ஆகவே வாதிடுவதற்கு எளியது லாபிஸ், கடினமானது பொந்தியான்.

அந்தக் கடினம் மன்றத்தின் ஆவணத்தில் எப்படிப் பதிவாகியது என்பதே இங்கு மையமான சான்று. செப்டம்பர் 9 முதல் நடந்த அமர்வுகளில் மலேசியத் தரப்பில் அமைச்சர் டாக்டர் இஸ்மாயில் அப்துல் ரஹ்மான் கைப்பற்றப்பட்ட ஆயுதங்களை மன்றத்தின் முன் காட்டி முறையிட்டார். இந்தோனேசியாவின் துணை வெளியுறவு அமைச்சர் சுஜார்வோ தந்த மறுமொழி வழக்கமான மறுப்பு அன்று. தம் நாட்டின் கெரில்லாக்களும் தொண்டர்களும் மலேசியா என்று சொல்லப்படும் நிலப்பரப்புக்குள் சென்று போரிட்டு வருவதை அவர் மறுக்கவில்லை. மாறாக, அந்தக் கூட்டமைப்பே வடகலிமந்தான் மக்களின் தன்னுரிமையை மிதித்து எழுப்பப்பட்ட காலனியத் திட்டம் என்பதால், அதற்கு எதிரான போராட்டம் நியாயமானது என்ற திசையில் வாதத்தைத் திருப்பினார். அதாவது, செயலுக்கு விடை தராமல், செயலுக்குப் பின்னால் உள்ள வழக்கின் நியாயத்தை முன்னே கொண்டுவந்து நிறுத்தினார். ‘தொண்டர்’ என்ற பெயர் செயலை அரசிடமிருந்து பிரித்தது. ‘தன்னுரிமை’ என்ற வாதம் பிரிக்கப்பட்ட செயலுக்கு நியாயம் கற்பித்தது. ஒன்று மற்றொன்று இல்லாமல் நிற்காது.

இதற்கு விடையாக நார்வே முன்வைத்த வரைவுத் தீர்மானத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். வட்டாரம் முழுவதிலும் நடந்த எல்லா நிகழ்வுகளுக்கும் அது பொதுவாக வருத்தம் தெரிவித்தது. முறையீட்டுக்கு அடிப்படையான செப்டம்பர் 2 நிகழ்வை மட்டும் தேதியிட்டுக் கண்டித்தது. இரு தரப்பும் ஒன்றன் நில ஒருமைப்பாட்டை மற்றொன்று மதிக்கவும், ஜூன் 20 தோக்கியோ அறிக்கையின் வழியில் பேச்சைத் தொடரவும் கேட்டது. லாபிஸுக்குத் தேதி கிடைத்தது. பொந்தியான் ‘எல்லா நிகழ்வுகளும்’ என்ற பெருந்தொகையில் கரைந்தது. முறையீட்டின் எல்லைக்குள் நின்று வரைவு எழுதுவது மன்றத்தின் நடைமுறையே என்று இதற்கு அமைதி கூறலாம். ஆனால் முறையீடே அப்படிக் குறுக்கப்பட்டதற்குக் காரணம், பொந்தியானை நிறுவுவதற்கு அந்நாளைய சட்ட மொழியில் போதிய இடமில்லாமல் இருந்ததுதான் என்று கொள்வது பொருந்துகிறது. இத்தனை மென்மையான வரைவும் நிறைவேறவில்லை. செப்டம்பர் 17 அன்று ஒன்பது நாடுகள் ஆதரித்தும், சோவியத் ஒன்றியமும் செக்கோஸ்லோவாக்கியாவும் எதிர்க்க, முன்னதன் வீட்டோவினால், அதாவது நிரந்தர உறுப்பினருக்குள்ள தடுப்பு வாக்குரிமையால், அது வீழ்ந்தது. ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு செயலைக்கூட மன்றத்தால் பெயர் சொல்லிக் கண்டிக்க முடியாமல் போனதை நேரில் கண்ட அரசு, 1965 ஜனவரியில் அதே மன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தது. அதைச் சகிக்காமல் இந்தோனேசியா ஐ.நா.விலிருந்தே வெளியேறியது. மே மாதத்தில் சுழற்சி முறைப்படி மன்றத்தின் தலைமை ரமணிக்கு வந்தது.

இந்தப் பின்னணியோடு 1965 ஆகஸ்டுக்கு வந்தால் ஒப்புமை தானே எழுகிறது. செப்டம்பர் 3 அன்று பொதுச்செயலாளர் ஊ தாண்ட் மன்றத்துக்கு அளித்த அறிக்கை, ஐ.நா. பார்வையாளர் குழுவின் தலைவர் ஜெனரல் நிம்மோவின் தகவல்களைக் கொண்டு, ஆகஸ்ட் 5 முதல் நடந்த மீறல்களில் பெரும்பகுதி, பொதுவாகச் சீருடை அணியாத ஆயுதபாணிகள் பாகிஸ்தான் பக்கத்திலிருந்து போர்நிறுத்தக் கோட்டைத் தாண்டி வந்தமையே என்று குறிப்பிட்டது. சீருடையில்லாதவர்கள், உள்ளூர்க் கிளர்ச்சி என்ற விளக்கம், எழாத உள்ளூர் மக்கள், இவற்றின்பின் தன்னுரிமை என்ற நியாயம். பொந்தியானில் இருந்த கூறுகள் ஒவ்வொன்றும் இங்கே மீண்டும் இருந்தன. வேறுபாடு ஒன்றே: இம்முறை ஐ.நா.வின் சொந்தக் கண்களே சாட்சி சொன்னன.

அறிக்கைக்கு மறுநாள் நிறைவேறிய 209ஆம் தீர்மானத்தை முன்மொழிந்த ஆறு நிரந்தரமற்ற உறுப்பினர்களுள் மலேசியா ஒன்று. செப்டம்பர் 6 அன்று வந்த 210ஆம் தீர்மானம் இரு தரப்பின் ஆயுதமேந்தியோர் அனைவரும் ஆகஸ்ட் 5க்கு முன்பிருந்த நிலைகளுக்குத் திரும்ப வேண்டும் என்றது. 20ஆம் நாள் வந்த 211ஆம் தீர்மானமும் அந்தத் தேதியையே பற்றி நின்றது. இந்தியப் படை லாகூர் முனையில் பன்னாட்டு எல்லையைத் தாண்டிய செப்டம்பர் 6ஐயோ, பாகிஸ்தானின் கவசப் படை சாம்ப் பகுதியில் நுழைந்த செப்டம்பர் 1ஐயோ மன்றம் கணக்கின் தொடக்கமாகக் கொள்ளவில்லை. எந்தத் தேதிக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்வது, எந்தத் தேதியில் அமைதி குலைந்தது என்று சொல்வதே ஆகும். அத்தேதியை மலேசியாதான் கேட்டுப் பெற்றது என்று கூற இடமில்லை. அது பொதுச்செயலாளரின் அறிக்கையிலிருந்து வந்தது. ஆயினும், பொந்தியானுக்குத் தேதி மறுக்கப்பட்டதைக் கண்ட ஒரு தூதுக் குழு, மறைமுக ஊடுருவலுக்கு முதன்முறையாகத் தேதி கிடைத்தபோது அதன் பக்கம் உறுதியாக நின்றதற்கு விளக்கம் தேடிப் பேசியவரின் பிறந்த ஊருக்குப் போக வேண்டியதில்லை.

இவ்வாசிப்புக்கு எதிராக வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பொந்தியான் எவரும் உரிமை கோராத மண். மலாயாவின் இறையாண்மையை இந்தோனேசியா ஏற்று 1959இல் நட்புடன்படிக்கையும் செய்திருந்தது. காஷ்மீரோ 1948 முதல் ஐ.நா.வின் நிகழ்ச்சி நிரலில் உள்ள பிணக்கு. முன்னதைப் பின்னதற்கு அளவுகோலாக வைப்பது, பிணக்கின் தீர்ப்பையே முன்கூட்டி எழுதுவதாகும் என்று கூறலாம். இது தள்ளத்தக்கதன்று. எனினும் 1949 ஜூலையில் கராச்சியில் ஒப்புக்கொள்ளப்பட்ட போர்நிறுத்தக் கோடு, நிலம் யாருடையது என்ற வினாவைத் திறந்தே வைத்துவிட்டு, அதை ஆயுதத்தோடு தாண்டக் கூடாது என்ற கடமையை மட்டும் நிறுவியது. கடமை மீறப்பட்டதா என்பதை, உரிமை யாருக்கு என்பதிலிருந்து பிரித்துக் கேட்க முடியும்; 1964இல் மலேசியா மன்றத்திடம் கேட்டதும் இதைத்தான். ரமணி தொழில்முறைத் தூதர் அல்லர், நீதிமன்றத்திலிருந்து வந்தவர் என்பது இங்கு ஓரளவு பொருள் பெறுகிறது: நடந்தது என்ன என்பதை முதலில் தீர்த்துக்கொண்டு நியாயத்துக்குப் பின்னர் வருவது வழக்காடுவோரின் பழக்கம். இந்தியாவின் லாகூர் முன்னேற்றத்தையும் அதே கடுமையுடன் பேசியிருக்க வேண்டாமா என்ற கேள்விக்கு, அவர் நாடு ஆதரித்த தீர்மானங்கள் இரு படைகளையும் ஒருசேரப் பின்வாங்கச் சொன்னதே போதிய விடை.

நன்றிக்கடன் விளக்கத்தில் அதிகம் தங்க வேண்டியதில்லை. 1962இல் சீனா இந்தியாவைத் தாக்கியபோதே, அதாவது இந்தியாவிடம் பெற்ற உதவி எதுவும் கணக்கில் ஏறும் முன்பே, மலாயாவின் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வெளிப்படையாக இந்தியாவின் பக்கம் நின்று நிதி திரட்டினார். ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் பிரிந்த அதிர்ச்சியில் கோலாலம்பூர் நியூயார்க்கைக் கவனிக்கவில்லை, அதனால் தூதர் தன் விருப்பப்படி பேசினார் என்பதும் பொருந்தாது. உறவு முறிந்த பின்னரும் ரமணி மலேசியாவின் பிரதிநிதியாகவே ஐ.நா.வில் நீடித்தார்.

சட்டம் பின்னர் நகர்ந்த திசையும் இங்கு நோக்கத்தக்கது. 1974இல் பொதுச்சபை ஏற்ற ஆக்கிரமிப்பு வரையறை, ஓர் அரசு தானாகவோ தன் சார்பிலோ ஆயுதக் குழுக்களை மற்றோர் அரசின் மீது அனுப்புவதை ஆக்கிரமிப்பாக எண்ணியது. 1986இல் நிக்கராகுவா வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் அதை வழக்காற்றுச் சட்டம் என ஏற்று, ஆனால் செயலின் அளவும் விளைவும் வெறும் எல்லைச் சச்சரவைத் தாண்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை இட்டது. அந்த அளவுகோலில் பொந்தியானைத் தனியே வைத்தால் நூறு பேரின் கரையிறக்கம் தேறுமா என்பது ஐயத்துக்குரியது. லாபிஸோடு ஒரே தொடராக வைத்தால் தேறும் என்பதே சரியான வாசிப்பு. 1964இன் வரைவு அவ்விரண்டையும் பிரித்து ஒன்றுக்கு மட்டும் தேதி கொடுத்தமையால், மலேசியாவின் வழக்கில் இருந்த மிக வலுவான இணைப்பு மன்றத்தின் ஏட்டில் ஏறாமல் போயிற்று.